கொலைகாரனைப் பற்றிய படமும் கொட்டகையில் இருந்தவர்களும்

1971-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்துக் கோல்டன் கேட் கொட்டகைக்குப் படம் பார்க்க வந்தவர்களிடம் ஒரு சிறு சீட்டு கொடுக்கப்பட்டது. ஸோடியாக் என்பவன் எதற்காகக் கொலை செய்கிறான் என்று தாம் நினைப்பதை அந்தச் சீட்டில் தம் கைப்படவே இரண்டொரு வரி எழுதி, முன்கூடத்தில் வைத்திருந்த பெட்டியில் போட வேண்டும் என்பதும், அதற்குக் கவாஸாகி மோட்டார் சைக்கிள் ஒன்று பரிசு என்பதும் அறிவிக்கப்பட்டிருந்தன. கூட்டம் சேர்ப்பதற்காகக் கொட்டகைக்காரர்கள் இப்படிப் பரிசுப் போட்டி நடத்துவது எந்த ஊரிலும் உள்ள வழக்கந்தான் ஆகையால், எழுதிப் போட்டவர்கள் அதில் சூது ஏதும் இருக்கும் என்று சந்தேகித்திருக்க மாட்டார்கள். ஆனால், படத்தை எடுத்தவரே பிற்காலத்தில் விவரித்தபடி, அந்தப் பெட்டிக்குள் ஓர் ஆள் மறைந்து உட்கார்ந்து, விழுகிற சீட்டு ஒவ்வொன்றையும் எடுத்து, கொலைகாரன் பத்திரிகைகளுக்கு எழுதியிருந்த கடிதங்களின் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். கையெழுத்து ஒத்துப்போனால், எழுதியவன் தெருவுக்குப் போவதற்கு முன்பே அவனைப் பிடித்துவிடுவது என்பது ஏற்பாடு.

சினிமா தோன்றிய நாள் முதல் ரசிகர்களுடைய அபிப்பிராயத்தை இவ்வளவு ஆவலோடு எதிர்பார்த்த படாதிபதி வேறு எவரும் இருந்திருக்க முடியாது.

அவர் பெயர் டாம் ஹான்சன். சினிமா அவருக்குப் பழகிய தொழில் அன்று. 'பீட்ஸா மேன்' என்ற பெயரில் உணவுக் கடைகள் நடத்திக்கொண்டிருந்தவர். 'தி ஸோடியாக் கில்லர்' என்ற அந்தப் படத்துக்கு அவர் செலவிட்டது சுமார் 13,000 டாலர் என்பார்கள். ஹாலிவுட் கணக்கில் அதை ஒரு முதல் என்றே யாரும் மதிக்க மாட்டார்கள். அறியாத முகங்களையும் அசல் தெருக்களையும் வைத்துக்கொண்டு, அவசரமாகவும் சிக்கனமாகவும் எடுத்து முடித்த அந்தப் படம், கலை என்ற முறையில் தேறுமா தேறாதா என்ற விசாரம் ஹான்சனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. தன்னைப் பற்றி எடுத்த படத்தைத் தானே பார்க்காமல் இருக்க அந்தக் கொலைகாரனின் ஆணவம் இடங்கொடுக்காது, எப்படியும் ஒரு நாள் அவன் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தே தீருவான் என்பதுதான் அவருடைய நம்பிக்கை. படம் வெறும் தூண்டில். அதற்கு மேல் அதனிடம் அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை.

இந்த நம்பிக்கை பைத்தியக்காரத்தனமானது என்று இன்று எளிதில் சொல்லிவிடலாம். ஆயினும் அன்றைய கலிபோர்னியாவில் ஜனங்கள் இருந்த நிலையை நினைத்துப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. 1968 டிசம்பர் 20-ஆம் தேதி இரவு, வலேஹோ நகரத்துக்கு அருகே ஒதுக்கமான ஒரு சாலையில், காரில் உட்கார்ந்திருந்த பதின்வயதுப் பையனும் பெண்ணும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஜூலை 4-ஆம் தேதி, அதே வட்டாரத்தில் இன்னொரு ஜோடி தாக்கப்பட்டு, பெண் இறந்தாள், ஆண் பிழைத்தான். செப்டம்பர் மாதத்தில் பெரியெஸ்ஸா ஏரிக்கரையில், பொழுது சாயும் வேளையில், கறுப்பு முகமூடி அணிந்த ஒருவன் இரண்டு கல்லூரி மாணவர்களைக் கயிற்றால் கட்டிக் கத்தியால் குத்தினான். அதிலும் ஆண் பிழைத்தான், பெண் இரண்டு நாளைக்குப் பிறகு இறந்தாள். அக்டோபர் 11-ஆம் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோவின் செல்வர்கள் வசிக்கும் பகுதியில் ஒரு டாக்சி ஓட்டுநர் சுடப்பட்டார். இந்த ஐந்து மரணங்களைக் காட்டிலும் ஊரை அதிகமாகக் கலக்கியவை கொலைகாரனுடைய கடிதங்களே. வட்டத்துக்குள் ஒரு சிலுவைக்கோடு போட்டுக் கையொப்பமாக வைத்து, சங்கேத எழுத்தில் எழுதிய புதிர்களையும் சேர்த்து, முதற்பக்கத்தில் அச்சிடாவிட்டால் இன்னும் பலரைக் கொல்வேன் என்று பத்திரிகைகளுக்கு அவன் எழுதினான். முதற்புதிரை ஸலினாஸ் ஊரைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியரும் அவர் மனைவியும் வீட்டு மேஜையில் உட்கார்ந்தே அவிழ்த்துவிட்டார்கள். காட்டு மிருகங்களை வேட்டையாடுவதைவிட மனிதரை வேட்டையாடுவது சுவாரசியமானது என்ற விஷயம் அதிலிருந்து வெளிப்பட்டது. டாக்சி ஓட்டுநரின் இரத்தம் தோய்ந்த சட்டைத் துண்டை வைத்து அனுப்பிய கடிதத்திலோ, பள்ளிக்கூட பஸ்ஸின் சக்கரத்தைச் சுட்டுவிட்டு, இறங்கி ஓடிவரும் குழந்தைகளை ஒவ்வொன்றாகச் சுடப் போவதாக எழுதியிருந்தான். பஸ்களுக்குப் போலீஸ் துணை போக வேண்டியதாயிற்று.

இவ்வளவும் நடந்து ஒன்றரை வருஷந்தான் ஆகியிருந்த நிலையில், பிடிபடாத அந்த மனிதனைப் பற்றிய படத்தை அவன் திரிந்த ஊரிலேயே பார்க்கிற ஒருவர், நடிப்பு எப்படி, ஒளிப்பதிவு எப்படி என்று சாவதானமாக ஆராய்ந்துகொண்டிருக்க முடியுமா? படம் தொடங்கும்போதே, 'ஸான் பிரான்ஸிஸ்கோ க்ரானிகிள்' பத்திரிகையின் நிருபர் பால் ஏவரியின் பெயரால் ஓர் அறிவிப்பு திரையில் ஓடுகிறது: பரிசுகள் பெறுவது இப்படத்தின் நோக்கமன்று, இப்போதே உள்ள ஓர் அபாயத்தை உணர்த்துவதே நோக்கம் என்பது அதன் சாரம். ஏவரியையே பயமுறுத்தி 1970 அக்டோபரில் கொலைகாரன் ஒரு வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தான் என்பது அன்று ஊரறிந்த சங்கதி. அந்த அறிவிப்பைப் படித்துவிட்டுத் தலை நிமிர்ந்த பார்வையாளருக்கு, முன்வரிசையில் தனியே உட்கார்ந்திருக்கும் ஆளின் பிடரியும் படத்தின் ஒரு பகுதியாகவே தோன்றியிருக்கும். இருட்டில் தம்மைச் சுற்றி இருப்பவர்கள் யாரென்று தெரியாதவர்களே சினிமா பார்ப்பவர்கள். சாதாரண நாட்களில் அது ஒரு சௌகரியம்.

ஹான்சனே சொன்ன ஒரு கதை உண்டு. படம் ஓடிய நாட்களில் கொட்டகையின் கழிப்பறையில் அவர் பக்கத்தில் வந்து நின்ற ஒருவன், இரத்தம் நிஜத்தில் இப்படத்தில் காட்டுகிற மாதிரி வெளியே வருவதில்லை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனானாம். வேறு எந்தப் படத்துக்கும் இது ஒரு நுணுக்கமான ரசிகரின் விமர்சனமாக இருந்திருக்கும். ஹான்சனுக்கோ அதைக் கேட்டதும் உடம்பு சில்லிட்டுவிட்டது. அவன்தான் ஸோடியாக் என்ற நினைப்பு அதற்குப் பிறகு அவரை விட்டு அகலவே இல்லை. இந்தக் கதையை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. எந்த அபிப்பிராயத்தையும் வாக்குமூலமாகவே கேட்கத் துணிந்த ஒருவருக்கு ஒரு கசாப்புக்காரரோ ஆஸ்பத்திரிச் சிப்பந்தியோ சொன்ன வார்த்தைகூட அப்படித்தான் ஒலித்திருக்கும். சீட்டுப் பெட்டியால் ஒருவரும் அகப்படவில்லை. கொலைகாரன் யாரென்று இன்று வரையில் ருசுவாகவும் இல்லை.

படத்தின் கதை விசித்திரமானது. பொய்முடி வைத்துக்கொண்டு பெரிய மனிதன் போல் பாவனை செய்து திரியும் ஒரு லாரி ஓட்டுபவனை முதலில் நமக்குக் காட்டி, இவன்தான் போலும் என்று எண்ண வைத்து, பிறகு, முயல்களை வளர்த்து அவற்றின் மேல் உயிரையே வைத்திருக்கும் சாதுவான தபால்காரன்தான் உண்மைக் கொலைகாரன் என்று கதையைத் திருப்புகிறார்கள். லாரிக்காரன் தானே ஸோடியாக் என்று கூவிப் போலீஸாரால் சுடப்படுகிறான். தபால்காரன் கடைசி வரையில் சுதந்திரமாகத் திரிகிறான். பல காலம் மறக்கப்பட்டுக் கிடந்த இந்தப் படத்தை, பழைய மலிவுப் படங்களைப் பாதுகாக்கும் 'அமெரிக்கன் ஜான்ரே பிலிம் ஆர்க்கைவ்' என்ற ஸ்தாபனத்தார் செப்பனிட்டு 2017-இல் வெளியிட்ட பிறகு, அது ஒரு புதிய தலைமுறையின் கண்ணுக்கு வந்தது. அவர்கள் சொல்லும் அபிப்பிராயங்கள் பெரும்பாலும் சிரிப்போடு தொடங்குகின்றன. நடிகர்கள் வசனத்தை ஒப்பிப்பதும், பொய்முடி நழுவுவதும், ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் ஒட்டுதல் இல்லாததும் நண்பர்களோடு உட்கார்ந்து பார்த்துச் சிரிப்பதற்கு ஏற்றவை என்பது அவர்கள் கட்சி. ஆனால் ஏரிக்கரைக் காட்சி வரும்போது அந்தச் சிரிப்பு நின்றுபோகிறது என்பதையும் அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். வெயிலடிக்கும் புல்தரையில், நடிகர்கள் என்று சொல்ல முடியாத இரண்டு இளைஞர்கள் பேசிக்கொண்டிருக்க, மார்பில் வட்டக்குறி தைத்த கறுப்பு அங்கியோடு ஒருவன் நடந்து வருவதைக் காமிரா எவ்விதச் சாமர்த்தியமும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சாமர்த்தியக் குறைவுதான் சகிக்க முடியாமல் இருக்கிறது.

மலிவான படத்துக்கு இது ஒன்றுதான் பலம். அதைப் பலவீனம் என்று எண்ணியே பலர் அபிப்பிராயம் சொல்லி வந்திருக்கிறார்கள். பெரும்பொருள் செலவிட்டு எடுக்கும் படத்தில் கொலைகாரனாக வருபவர் நமக்கு முன்பே பழக்கமான நடிகர். போன வருஷம் அவர் காதலனாகவும் அதற்கு முந்தின வருஷம் வழக்கறிஞராகவும் நடித்ததை நாம் மறப்பதில்லை. இசையும் நிழலும் நமக்கு முன்னதாகவே எச்சரிக்கை கொடுத்துவிடுகின்றன. அழகு அங்கே நமக்கு ஒரு கவசம். ஏழைப் படத்திலோ அந்தக் கவசத்தை வாங்கப் பணம் இருப்பதில்லை. இதே ஸோடியாக்கை மனத்தில் வைத்து ஸ்கார்பியோ என்று பெயர் மாற்றிக் கதை பண்ணிய 'டர்ட்டி ஹாரி' என்ற பெரிய படம் அதே 1971-ஆம் வருஷக் கடைசியில் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. அதில் போலீஸ் அதிகாரி கொலைகாரனைச் சுட்டுத் தள்ளிவிடுகிறார், ஜனங்கள் திருப்தியோடு வீடு திரும்பினார்கள். ஹான்சனால் அந்தத் திருப்தியை அளிக்க முடியவில்லை, அளிக்க விரும்பவும் இல்லை. 2007-இல் டேவிட் பின்ச்சர் சுமார் ஆறரைக் கோடி டாலர் செலவில் எடுத்த 'ஸோடியாக்', கொலைகாரனை விட்டுவிட்டு, அவனைத் தேடித் தேடி வாழ்நாளைத் தொலைத்தவர்களைப் பற்றிய படமாகவே அமைந்தது. அது மூன்றிலும் சிறந்த படம் என்பதில் எனக்கு ஐயமில்லை. பயம் என்னவோ அந்தப் பதின்மூவாயிரம் டாலர்ப் படத்தின் ஏரிக்கரையில்தான் அதிகம்.

ஸோடியாக் சினிமாப் பார்ப்பவன்தான் என்ற ஹான்சனின் ஊகம் மாத்திரம் வீண்போகவில்லை. 1974 ஜனவரியில் க்ரானிகிள் பத்திரிகைக்கு அவன் எழுதிய கடிதம், பேயோட்டும் கதையைக் கொண்ட 'தி எக்ஸார்ஸிஸ்ட்' படத்தைப் பற்றிய விமர்சனத்தோடுதான் தொடங்குகிறது. ஊரெல்லாம் மயங்கி விழுந்த அந்தப் படத்தைத் தான் பார்த்தவற்றுள் மிகச் சிறந்த பரிகாச நாடகம் என்று அவன் மெச்சியிருந்தான். அதே வருஷம் மே மாதத்தில் வந்த மற்றொரு கடிதம் இன்னும் வினோதமானது. 1958-இல் நெப்ராஸ்கா மாகாணத்தில் தன் பெண் சிநேகிதியோடு சேர்ந்து வரிசையாகப் பலரைக் கொன்ற சார்ல்ஸ் ஸ்டார்க்வெதரின் சரித்திரத்தைத் தழுவி, டெரன்ஸ் மாலிக் என்ற இளைஞர் கடன் வாங்கியும் சிறு தொகைகள் திரட்டியும் எடுத்த 'பேட்லாண்ட்ஸ்' என்ற படத்தின் விளம்பரம் அந்நாளில் பத்திரிகையில் வெளிவந்திருந்தது. கொலையை ஒரு பொழுதுபோக்குப் போல வர்ணித்த அந்த விளம்பர வாசகம் பொதுமக்களின் மனத்தைப் புண்படுத்துவது, நாட்டில் நடக்கும் வன்முறைகளைப் பார்க்கும்போது இத்தகைய புகழ்ச்சி வருந்தத்தக்கது, ஆகவே விளம்பரத்தை நிறுத்துங்கள் என்று மரியாதையான நடையில் ஒருவர் ஆட்சேபித்து, 'ஒரு பிரஜை' என்று கையெழுத்திட்டிருந்தார். அந்தப் பிரஜையின் கையெழுத்து ஸோடியாக்கினுடையதே என்று அன்று கருதப்பட்டது. அவனே எழுதியிருந்தால், மெய்க்கொலைகாரனைப் பற்றிய சிறுபடங்களுக்கு எதிராக நல்லோர் எந்தெந்தக் காரணங்களைச் சொல்கிறார்களோ அவ்வளவையும் அவன் ஒன்று விடாமல் தெரிந்து வைத்திருந்தான் என்றாகிறது.

அந்தக் காரணங்கள் மிக உரக்க ஒலித்தது பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்த வேறொரு படத்தின் விஷயத்தில். சிக்காகோவில் வீடியோ வியாபாரம் செய்துவந்த அலி சகோதரர்கள், ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட டாலரை ஜான் மக்நாட்டன் என்பவரிடம் கொடுத்து, பயங்கரப் படம் ஒன்று எடுத்துத் தரும்படி கேட்டார்கள். ராட்சதர்களையும் வேற்றுக்கிரகவாசிகளையும் செய்து காட்ட அந்தத் தொகை போதாது. அப்போது தொலைக்காட்சியில் ஹென்றி லீ லூக்காஸ் என்ற கைதியைப் பற்றிய நிகழ்ச்சியை மக்நாட்டன் பார்க்க நேர்ந்தது. மனிதனே ராட்சதனாக இருக்கும்போது வேஷத்துக்குச் செலவு இல்லை என்பது அவருக்குப் புலப்பட்டது. 1985-இல் ஒரு மாதத்துக்கும் குறைவான நாட்களில், 16 மில்லிமீட்டர் பிலிமில், உள்ளூர் நாடகக் குழுவினரைக் கொண்டே 'ஹென்றி: போர்ட்ரெய்ட் ஆப் எ ஸீரியல் கில்லர்' எடுத்து முடிக்கப்பட்டது. ஒரே நடிகை வெவ்வேறு கோலத்தில் கொலையுண்ட பெண்களாக வருகிறாள். ஹென்றியாக நடித்த மைக்கேல் ரூக்கர் அதுவரை முகம் தெரியாதவர். தம்முடைய சொந்த மேற்சட்டையையே படத்திலும் அணிந்திருந்தாராம், மாற்றுச் சட்டை கிடையாது ஆகையால் கொலைக் காட்சிகளில் இரத்தக்கறை படாதிருக்க அதைக் கழற்றி வைத்துவிடுவாராம். பார்த்தவர்கள் அதையே, தொழில் தெரிந்த கொலைகாரனின் நிதானமான முன்னேற்பாடு என்று எண்ணி நடுங்கினார்கள்.

படத்தின் ஆரம்பத்தில் நமக்குக் கொலைகளைக் காட்டுவதில்லை. புல்வெளியில் ஒரு பிணம், கடையில் இரண்டு பிணங்கள் என்று அசையாத காட்சிகள் ஒவ்வொன்றாக நகர, அவை நேர்ந்தபோது எழுந்த கூச்சலும் அடிச்சத்தமும் மாத்திரம் பின்னாலே கேட்கின்றன. இடையிடையே ஹென்றி சிற்றுண்டிக் கடையில் காசு கொடுக்கிறான், கார் ஓட்டுகிறான், சிகரெட் பற்ற வைக்கிறான். நடுவில் ஒரு காட்சி வருகிறது. இப்படத்தைப் பற்றிய விவாதம் முழுவதும் அந்தச் சில நிமிஷங்களைச் சுற்றியே நடந்து வந்திருக்கிறது. ஹென்றியும் அவன் கூட்டாளி ஓடிஸும் கைப்பற்றிய ஒரு வீடியோ காமிராவைக் கொண்டுபோய், ஒரு வீட்டுக்குள் புகுந்து, தாய் தந்தை மகன் மூவரையும் கொல்வதைப் படம் பிடிக்கிறார்கள். கோணலாக, புள்ளி புள்ளியாக, நடுங்கும் அந்த வீடியோப் படத்தையே நாம் திரை நிறையப் பார்க்கிறோம். எல்லாம் முடிந்த பிறகுதான் சக்கரம் சுழல்கிறது: இது நடக்கும்போது நாம் பார்த்தது அன்று, பிற்பாடு அவ்விருவரும் தங்கள் வீட்டுச் சோபாவில் சாய்ந்துகொண்டு தொலைக்காட்சிப் பெட்டியில் பார்த்துக்கொண்டிருப்பது. ஓடிஸ் அதைப் பின்னோக்கி ஓட்டி, மெதுவாக, மறுபடியும் பார்க்க விரும்புகிறான். இத்தனை நேரமும் நாம் அந்தச் சோபாவில்தான் அவர்களோடு உட்கார்ந்திருந்தோம் என்பது அப்போது உறைக்கிறது.

அமெரிக்கத் திரைப்படச் சங்கத்தின் தரநிர்ணயக் குழுவார் இதற்கு எக்ஸ் முத்திரை குத்தினார்கள். சாதாரணமாக இன்ன இடத்தில் இத்தனை வினாடி வெட்டினால் முத்திரையை மாற்றித் தருகிறோம் என்பார்கள். இதற்கு அப்படிச் சொல்ல வழியில்லாமல், படத்தின் தொனியே ஆட்சேபகரமானது, எதை வெட்டினாலும் பயனில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். 1986-இல் சிக்காகோ விழாவில் காட்டப்பட்ட படம் 1990 வரையில் கொட்டகைகளுக்கு வர முடியவில்லை. இடையே 1989-இல் டெல்லுரைட் விழாவில் அது திரையிடப்பட்டபோது நடந்ததை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் எழுதியிருக்கிறார்: சகிக்க முடியாத அருவருப்பு என்பவர்களும், ஒளிவு மறைவில்லாத நேர்மையே அதற்கு நியாயம் என்பவர்களுமாகச் சபை இரண்டுபட்டு நின்றது. ஈபர்ட் இரண்டாவது கட்சி. கவனித்துப் பார்த்தால் இரு கட்சியாரும் ஒன்றையே சொல்கிறார்கள். கொலைக்கு ஒரு காரணம் கூறி, கொலைகாரனுக்கு ஒரு தண்டனை அளித்து, தங்களைத் தேற்றி அனுப்ப வேண்டிய கடமையைப் படம் செய்யவில்லை என்பதே முதற்கட்சியின் குறை. அதைச் செய்யாமல் விட்டதுதான் இரண்டாம் கட்சிக்குப் பெருமை. அக்காலத்து எக்ஸ் முத்திரைச் சச்சரவுகளின் பலனாக, வயதுவந்தவர்களுக்கான கௌரவமான படங்களுக்கென்று என்ஸி-17 என்ற புதுத் தரம் 1990 செப்டம்பரில் ஏற்பட்டது. அச்சச்சரவுகளில் ஹென்றிக்கும் ஒரு பங்கு உண்டு.

இங்கிலாந்தில் நடந்தது இதைவிட ரசமானது. அங்குள்ள தணிக்கைச் சபையின் தலைவர் ஜேம்ஸ் பெர்மன், படம் வீடியோவாக வெளிவர இருந்த சமயத்தில், வெறுமே வெட்டுவதோடு நில்லாமல் அந்தக் குடும்பக் கொலைக் காட்சியைத் தாமே திருத்தி அமைத்தார். ஹென்றியும் ஓடிஸும் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பதைக் காட்டும் துண்டை இறுதியிலிருந்து எடுத்து நடுவிலே செருகிவிட்டார். பார்ப்பவர்கள் கொலையை நேரே பார்ப்பதாக மயங்காமல், பார்ப்பது பதிவு செய்த படந்தான், அதைப் பார்த்து ரசிப்பவர்கள் இந்தப் பாதகர்கள்தான் என்று காட்சி முடியுமுன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய நல்லெண்ணம். பெர்மன் கூரிய அறிவுடையவர். காட்சியின் விஷம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அவரைப் போலத் துல்லியமாக உணர்ந்த விமர்சகர்கள் சிலரே. ஆனால் அந்த விஷம் மருந்தும் கூட என்பதை அவர் ஏற்கவில்லை. பார்வையாளரைச் சோபாவிலிருந்து எழுப்பிப் பத்திரமான தூரத்தில் நிறுத்தினார். படம் சொல்ல வந்த விஷயமே அதோடு போயிற்று. எடுத்தபடியே முழுப் படத்தையும் அங்கே பார்க்க ஜனங்கள் 2003 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் படித்தவர்கள், ஹென்றியின் பெருமை அதன் உண்மையில் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடலாம். அங்கேதான் ஒரு சங்கடம் இருக்கிறது. 1983-இல் டெக்ஸாஸ் மாகாணத்தில் கைதான லூக்காஸ், தான் நூற்றுக்கணக்கான பேரைக் கொன்றதாக ஒப்புக்கொள்ளத் தொடங்கினான். பல மாகாணங்களிலிருந்தும் போலீஸார் தீராத வழக்குகளின் கட்டுகளோடு வந்து வரிசையில் நின்றார்கள். அவனுக்குப் பிரியமான ஸ்ட்ராபெர்ரி மில்க் ஷேக்கும் சிகரெட்டும் கொடுத்து உபசரித்து, இருநூறுக்கு மேற்பட்ட வழக்குகளை முடித்துக்கொண்டு போனார்கள். மக்நாட்டன் படம் பிடித்த அதே 1985-இல், 'டல்லஸ் டைம்ஸ் ஹெரால்டு' பத்திரிகை, லூக்காஸ் ஒப்புக்கொண்ட நாட்களில் அவன் வெகுதொலைவில் வேறு ஊர்களில் இருந்ததற்கான அத்தாட்சிகளை வெளியிட்டது. அடுத்த வருஷம் மாகாணத்தின் தலைமை வழக்கறிஞரின் அறிக்கையும் அதை உறுதிப்படுத்திற்று. 1960-இல் தன் தாயைக் கொன்றது முதலான சில குற்றங்களில் சந்தேகமில்லை, பெரும்பாலானவை பொய். மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒரே வழக்கிலும் அவன் அந்த இடத்தில் இருந்திருக்க முடியுமா என்ற ஐயம் எழுந்ததால், 1998-இல் அத்தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 2001-இல் சிறையிலேயே அவன் இறந்தான். ஆக, உண்மைக் கதை என்று ஜனங்கள் நடுங்கிப் பார்த்தது, ஒரு பொய்யன் போலீஸாருக்காகக் கட்டிய கதையின் மேல் கட்டிய கதை.

படத்தை எடுத்தவர்கள் இதை ஒளிக்கவில்லை. இது கற்பனை கலந்தது, நடந்தவற்றின் சரியான சித்திரம் அன்று என்று தொடக்கத்திலேயே எழுதிக் காட்டியிருக்கிறார்கள். அதைக் காட்டிலும் நேர்த்தியான ஒரு குறிப்பு கதைக்குள் இருக்கிறது. பெக்கி என்ற பெண்ணிடம் ஹென்றி தன் தாயைக் கொன்ற வரலாற்றைச் சொல்லும்போது, கத்தியால் குத்தினேன் என்று தொடங்கிச் சற்று நேரத்தில் சுட்டேன் என்கிறான்; அவள் தயங்கிக் கேட்டதும், ஆமாம், குத்தினேன்தான் என்று திருத்திக்கொள்கிறான். அவள் அதற்கு மேல் கேட்பதில்லை. இப்படத்தின் நேர்மையைப் போற்றிய ரசிகர்களில் எத்தனை பேர் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்களோ! தாயைப் பறிகொடுத்தவன் போல் தலை குனிந்து பேசும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெரும்பாலோர், பெக்கியைப் போலவே, முரண்பாட்டைக் காதில் வாங்கியும் வாங்காமல் இரங்கிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். டெக்ஸாஸ் போலீஸாரும் அவ்வளவைத்தான் செய்தார்கள்.

இவ்விரண்டு படங்களையும் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் கொலையுண்டவர்களை அறியாதவர்கள். அறிந்தவர்கள் பார்வையாளராக அமர்ந்த படம் ஒன்று உண்டு. டெக்ஸாஸ், ஆர்க்கன்ஸாஸ் இரண்டு மாகாணங்களின் எல்லைக்கோடு நடுவே ஓடும் டெக்ஸார்கானா நகரத்தில், 1946-இல் சில மாதங்களுக்குள் எட்டுப் பேர் இரவில் தாக்கப்பட்டு ஐவர் இறந்தார்கள், கொலைகாரன் அகப்படவில்லை. அந்த வட்டாரத்துக்காரரான சார்ல்ஸ் பியர்ஸ் முப்பது வருஷத்துக்குப் பிறகு, 'தி டவுன் தட் ட்ரெடட் ஸண்டவுன்' என்ற படத்தைச் சொற்ப முதலில், ஊர்ஜனங்களையே துணை நடிகர்களாகக் கொண்டு, அங்கேயே எடுத்தார். கொலைகாரன் இன்னமும் டெக்ஸார்கானாவின் தெருக்களில் உலவுவதாக விளம்பரத்தில் போட்டது நகரசபைக்குப் பொறுக்கவில்லை. கொலையுண்ட ஒரு பெண்ணின் சகோதரர் வழக்கே தொடுத்தார், தோற்றார்.

அவர் மனம் பதறியதற்கு நியாயம் இருந்தது. ஏப்ரல் மாதத்து ஒரு சனிக்கிழமை இரவு வாத்தியக் குழுவில் ஸாக்ஸபோன் வாசித்துவிட்டுத் திரும்பும் வழியில் கொல்லப்பட்டவள் இன்னொரு பதினைந்து வயதுப் பெண்; காணாமற்போன அந்த வாத்தியம் மாதக்கணக்கில் கழித்துத்தான் புதரில் கிடைத்தது. படத்தில் ஸாக்ஸபோன் ட்ராம்போனாக மாறுகிறது: முகமூடிக்காரன் அதன் நுனியில் கத்தியைக் கட்டி, ஊதி ஊதி, அதன் குழல் நீளும்போதெல்லாம் மரத்தில் கட்டப்பட்ட பெண்ணைக் குத்துகிறான். விமர்சகர்கள் இக்காட்சியைக் கண்டு சிரித்தார்கள். பயங்கரப் பட ரசிகர்கள் இன்றும் ஆசையோடு எடுத்துச் சொல்கிறார்கள். ஹான்சனுடைய அசட்டுத்தனங்களையும் மக்நாட்டனுடைய கொடுமைகளையும் மன்னிக்க எனக்குக் காரணங்கள் அகப்படுகின்றன. இந்த ட்ராம்போனுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

ஆனால் டெக்ஸார்கானாவாசிகள் என்னைவிடத் தாராளமானவர்கள். பல வருஷங்களாக அக்டோபர் மாதத்தில், அந்தக் கொலைகளோடு சம்பந்தப்பட்ட ஸ்பிரிங் லேக் பூங்காவிலேயே, திறந்தவெளியில் திரை கட்டி இந்தப் படத்தைக் காட்டுகிறார்கள். குடும்பம் குடும்பமாக வந்து, மடக்கு நாற்காலியும் போர்வையும் விரித்து உட்கார்ந்து பார்க்கிறார்கள். திரையில் ஓடுகிற கார் இன்னார் வீட்டுக் கார், கூட்டத்தில் நிற்பவர் இன்னாருடைய பாட்டனார் என்று காட்டிக்கொள்ள அவர்களுக்கு அதில் விஷயம் உண்டு. பிறர் கண்ணுக்கு அது மலிவான பயங்கரப் படம். அவர்களுக்கு அது ஊர்ப் புராணம், அதில் புராணத்துக்குரிய பொய்களும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கிறார்கள். 2014-இல் ஹாலிவுட்டார் அதே பெயரில் இன்னொரு படம் எடுத்தபோது, இந்த வருஷாந்தரக் காட்சியையே அதன் தொடக்கமாக அமைத்தார்கள்: பழைய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜோடி பாதியில் எழுந்து காரை எடுத்துக்கொண்டு போக, முகமூடிக்காரன் அவர்களைப் பின்தொடருகிறான். வெளியூர் விமர்சகர்களில் சிலர் அதை நல்ல யுக்தி என்று மெச்சினார்கள். டெக்ஸார்கானாவின் பூங்காவில் பழைய படத்தைத்தான் காட்டி வருகிறார்கள்.